கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

பின்கட்டில் விறகு எடுக்கும்போதோ வரப்பில் நடக்கும்போதோ பாம்பு கடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர், "ஏதோ பூச்சி தொட்டுருச்சு" என்றுதான் சொல்லத் தொடங்குவார்கள். இருட்டிய பிறகு பாம்பின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மருத்துவர் துருவிக் கேட்டால் "கறுப்பா இருந்துச்சு", "விரியன் மாதிரி தெரிஞ்சுது" என்று பதில் வரும். கூட வந்தவர்களில் ஒருவர், அடித்துக் கொன்ற பாம்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருப்பார். அதைத் தேடிப் பிடித்து அடிப்பதில் அரைமணி நேரம் போயிருக்கும்.

பாம்பை அடையாளம் காணும் அறிவு நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அது கடிபடுவதற்கு முன்னால் பயன்படுகிற அறிவு. கடிபட்ட பிறகு அதை நம்பி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கடிக்கு முன்னால், எல்லாப் பாம்பும் ஒன்றுதான் என்று கண்டதை அடிக்கிறோம். கடிபட்ட பின்னால், இது விஷப் பாம்பா இல்லையா என்று கூடிநின்று ஆராய்கிறோம். இரண்டும் உயிரைக் கேட்கிற தவறுகள்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டையும் வயலையும் ஒட்டி வாழ்ந்து மனிதர்களைக் கொல்லக்கூடியவை என்று கணக்கெடுத்தால் நான்குதான் தேறும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கையும் சரியாகத் தெரிந்துகொண்டால் போதும், மீதியை அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லிவிடலாம். சொல்வது எளிது. இந்த நான்குக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. நான்கைப் போலவே தோன்றும் நச்சில்லாப் பாம்புகளும் அதே வீட்டுக்குள் வருகின்றன.

பெயர்க் குழப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டுவிரியன் பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் இனமே இல்லை. நல்ல பாம்பின் பங்காளி. அதன் நஞ்சு விரியன் நஞ்சைப் போல ரத்தத்தைத் தாக்காது, நரம்பைத் தாக்கும். உடலின் பளபளப்பால் சில ஊர்களில் அதை எண்ணெய் விரியன் என்பார்கள். கடிபட்டவர் எட்டடி நடப்பதற்குள் விழுந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எட்டடி விரியன் என்ற பெயரும் உண்டு. இந்தக் கடைசிப் பெயரைப் போல ஆபத்தான பெயர் வேறில்லை என்பது என் எண்ணம். உண்மையில் கட்டுவிரியன் கடித்தால் அறிகுறி தெரியவே மணிக்கணக்கில் ஆகலாம். எட்டடி தாண்டி எண்பதடி நடந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதல் அடைகிறவர் அந்த மணிநேரங்களை இழந்துவிடுகிறார்.

கண்ணாடி என்ற சொல்லும் அப்படித்தான். நாகத்தின் படத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணாடி நாகம் என்று பெயர். தமிழில் கண்ணாடி விரியன் என்பது முதுகில் உருண்டைத் திட்டுகள் கொண்ட முற்றிலும் வேறொரு பாம்பு. பள்ளிப் புத்தகத்தில் படித்த பேரனும் வயலில் பார்த்த தாத்தாவும் ஒரே சொல்லால் இரண்டு பாம்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நச்சுள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய ஒரு வழி வேண்டும் என்ற தவிப்பு இந்தக் கரையில் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளை வரைந்தும் விவரித்தும் 1796-இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயர் இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் வால் போன்றவர்கள் உதட்டுச் செதில், வயிற்றுச் செதில், வால் அடிச் செதில் என்று எண்ணிப் பார்த்துப் பிரிக்கும் முறைகளை வகுத்தார்கள். அவை துல்லியமானவை, ஆனால் மேசைமேல் கிடக்கும் செத்த பாம்புக்கே பொருந்தும். குளியலறைக் கதவிடுக்கில் நெளியும் பாம்பின் வால் அடியை யாரும் திருப்பிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

அதனால் மக்களிடம் தங்கியவை சில குறுக்குவழிகள். தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்பது ஒன்று. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் கிடையாது. யாரையும் கொல்லாத பூனைப் பாம்புக்குத் தலை நல்ல முக்கோணம். கண்மணி செங்குத்துக் கோடாக இருந்தால் விஷம் என்பது இன்னொன்று. மலைப்பாம்புக்குக் கண்மணி செங்குத்துதான், நாகத்துக்கு வட்டம்தான். இரண்டு புள்ளி பதிந்தால் விஷக்கடி, வரிசையாகப் பல் பதிந்தால் சாதாரணக் கடி என்பது மூன்றாவது. மூன்றிலும் கொடியது இதுதான். கட்டுவிரியன் கடியில் பல நேரம் தடமே கண்ணுக்குத் தெரியாது. பாம்பு இருமுறை கடித்தாலோ, ஒரு பல் மட்டும் பட்டாலோ, துணிமேல் கடித்தாலோ தடம் வேறு வேறாக விழும். காயத்தைப் பார்த்து நோயாளியைத் திருப்பி அனுப்புகிற நாட்டு வைத்தியர் எவரானாலும் அவர் கணித்துச் சொல்லவில்லை, ஊகித்துச் சொல்கிறார்.

நான்கில் வீட்டுக்குள் வந்து கொல்வது என்று பார்த்தால் கட்டுவிரியனுக்குத்தான் முதலிடம். பகலில் அதைப் பார்ப்பது அரிது. செங்கல் குவியலிலோ எலி வளையிலோ சுருண்டு கிடக்கும். பகலில் யாராவது கிளறினால்கூட உடலுக்குள் தலையை மறைத்துக்கொண்டு மந்தமாகக் கிடப்பதால் அப்பாவிப் பாம்பு என்று கையில் எடுத்தவர்கள் உண்டு. இரவில் அதன் குணமே வேறு. எலியையும் பல்லியையும் பிற பாம்புகளையும் தேடிக்கொண்டு கதவடி இடைவெளி வழியே உள்ளே வருகிறது. பாய்போட்டுத் தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு அதன்மேல் கை போட்டால் கடித்துவிடுகிறது. அதன் பல் சிறியது. வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் வராது. எறும்போ கொசுவோ என்று தூக்கத்திலேயே தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

பிறகு வருவது வயிற்றுவலி. விடியற்காலையில் தாங்க முடியாத வயிற்றுவலி, வாந்தி, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, பின்னர் கண்ணிமை தானாகச் சரிதல். முந்தைய நாள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாயுக்கோளாறு என்று கசாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். தரையில் படுத்துத் தூங்கிய குழந்தை விடியலில் வயிறு வலிக்கிறது என்று அழுது, அதன் இமைகளும் தொங்கினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் அது கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தப் பாம்பு எப்படி இருக்கும்? கருநீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கட்டுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. வளர்ந்த பாம்பில் இந்தக் கட்டுகள் கழுத்திலேயே தொடங்குவதில்லை. உடலில் சிறிது தூரம் வெறும் கறுப்பாகவே போய் அதன் பிறகுதான் தெளிவடையும், வால் பக்கம் போகப்போக இன்னும் தெளிவாக இருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிய அறுகோணங்கள்.

இதனோடு மாறிப்போவது வெள்ளிக்கோல் வரையன். நச்சில்லாதது. பல்லி பிடிப்பதற்காக வீட்டுச் சுவரிலும் ஓட்டு இடுக்கிலும் ஏறும். பழுப்போ சாம்பல் பழுப்போ கலந்த நிறம், தட்டையான தலை. வெள்ளைப் பட்டைகள் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, விலாப்பக்கம் விரிந்து கிளைத்து, வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனில் பட்டை வாலை நோக்கித் தெளிவடையும், இதில் வாலை நோக்கி மறையும். நினைவில் வைக்க இதைவிட நல்ல குறி இல்லை. சுவரேறும் பாம்பெல்லாம் வரையன்தான் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். கட்டுவிரியனும் வாய்த்த இடத்தில் ஏறும். குட்டிக் கட்டுவிரியனில் முன்பக்கத்திலும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கலாம். ஐயம் இருந்தால் கட்டுவிரியன் என்றே நினைத்து விலகுங்கள். வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்துவிட்டால் நமக்கு நட்டம் எதுவும் இல்லை. கட்டுவிரியனை வரையன் என்று நினைத்தால் ஓர் உயிர் போகலாம்.

கண்ணாடி விரியனின் களம் வயலும் தோப்பும் வைக்கோல் போரும். தென்னை மட்டை குவிந்த இடத்தில், நெல் அறுக்கும் தாளடியில், சருகு நிறத்தோடு சருகாகக் கிடக்கும். மூன்று நான்கு அடி நீளம், பருத்த உடல், கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்த முக்கோணத் தலை. முதுகிலே நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வரிசையாக, கறுப்பு ஓரமும் அதைச் சுற்றி வெண்கோடும் கொண்ட பழுப்பு முட்டை வடிவங்கள். சங்கிலி கோத்தது போன்ற ஒழுங்கு. சீண்டினால் அது போடும் சீறல், குக்கர் ஆவி விடுவதைப் போல நீண்டு ஒலிக்கும். அந்த ஒலி கேட்ட இடத்தில் அப்படியே நின்று, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு பின்னால் நகர வேண்டும்.

இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்கியவர்களும் மண்ணுளி என்று நினைத்துத் தொட்டவர்களும் கடிபட்டிருக்கிறார்கள். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாத பெரிய ஒட்டுத்துணிகள் போன்றவை. மண்ணுளியின் திட்டுகளும் ஒழுங்கற்றவை. அதன் தலை கழுத்தோடு ஒன்றாகவே இருக்கும், வால் சட்டென்று மொட்டையாக முடியும். கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓர் ஈற்றில் இருபது முப்பது குட்டிகள்கூட இருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு சாண் நீளக் குட்டி ஒன்று வாசலில் தென்பட்டால் அருகில் இன்னும் பல இருக்கக்கூடும். பிறந்த நாளிலேயே குட்டிக்கு நஞ்சு உண்டு, சின்னதுதானே என்று வாரியலால் தள்ளப் போகாதீர்கள்.

நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். நமக்குத் தெரிந்தது படம் எடுத்த நல்ல பாம்பு. அமைதியாக ஊர்ந்துபோகும் நாகத்துக்குப் படமும் தெரியாது, குறியும் தெரியாது. வெறும் பழுப்புப் பாம்பு. சில நாகங்களில் அந்தக் குறியே மங்கலாக இருக்கும், இல்லாமலும் இருக்கும். எலி தேடி வரும் சாரையும் இதே நிறம், இதே தடம். சாரைக்குக் கண் பெரிது. உதட்டில் மை தீட்டியது போல நேர்க்கோடுகள். உடல் ஒல்லி, ஓட்டம் வேகம். தண்ணீர்ப் பாம்பு சில நேரம் கழுத்தைத் தட்டையாக விரித்து நாகத்தைப் போலவே மிரட்டும். அதன் கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கீற்றும், முதுகில் சதுரங்கக் கட்டமும் இருக்கும். சாரையும் நாகமும் பிணையும் என்ற கதையைக் கேட்காதவர் இல்லை. வயலில் முறுக்கிக்கொண்டு எழும் இரண்டு பாம்புகள் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அவை பிணையவில்லை, பலம் பார்த்துச் சண்டையிடுகின்றன.

சுருட்டை விரியன் சிறியது, நம் பக்கத்தில் ஒரு முழம் தாண்டுவதே அபூர்வம். வறண்ட, கல்லும் மணலுமான நிலத்துக்குரியது. தலையில் அம்புக்குறி அல்லது பறவைக்கால் போன்ற வெண்குறி, விலாவில் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடு. சீண்டினால் எட்டு வடிவில் சுருண்டு செதிலோடு செதிலை உரசும்; ரம்பம் இழுப்பது போன்ற ஒலி எழும். கல் புரட்டுவோரும் வெறுங்காலோடு இரவில் நடப்போரும் இதனிடம் சிக்குகிறார்கள். இதனோடு குழம்பும் பூனைப் பாம்பு மெலிந்து நீண்டது, வேலியிலும் புதரிலும் ஏறுவது.

மலையடிவாரங்களிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் குழிவிரியன்கள் தனிக் கதை. மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியன் ஒன்று கேரளத்திலும் இலங்கையிலும் நிறையப் பேரைக் கடிக்கிறது. இந்தியாவில் செய்யப்படும் நஞ்சுமுறிவு மருந்து அதற்கானது அல்ல என்பதை அங்கே வாழ்பவர்களும் மருத்துவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாத பாம்புகளை நம் கதைகள் படுத்தும் பாடு தனி. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்கிறோம். அது நச்சில்லாத மரப்பாம்பு. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்கிறோம், வராது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்கிறோம். அதன் லேசான நஞ்சு ஓணானுக்குப் போதும், மனிதனைக் கொல்லாது. இவற்றை அடித்துக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சாரையை அடிக்கிற வீட்டில் எலி பெருகும், எலி பெருகிய வீட்டுக்கு நாகம் வரும்.

பாம்பைப் பார்க்காமலே அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இருளர்கள் புழுதியில் உள்ள தடத்தையும் வளைவாயிலின் வழவழப்பையும் உரித்துப்போட்ட சட்டையையும் வைத்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்வார்கள். சட்டையில் செதிலின் வடிவம் அப்படியே தங்கியிருக்கும். கட்டுவிரியனின் நடுமுதுகு அறுகோணங்கள் அதில் தெளிவாகத் தெரியும். பாம்புத் தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பை இழந்த அவர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கம் இந்த நான்கு பாம்புகளையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறது. நாட்டின் நஞ்சுமுறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி அங்கிருந்தே போகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடித்தது எந்தப் பாம்பு என்ற நம் கேள்விக்கான பாதி விடை, அந்த மருந்து தயாராகும் விதத்தில்தான் இருக்கிறது. நான்கு பாம்பின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரே மருந்து நான்கு பாம்புக்கும் பொதுவானது. நாகம் கடித்தாலும் கட்டுவிரியன் கடித்தாலும் ஊசி ஒன்றுதான். ஆகவே, செத்த பாம்பைப் பையில் கொண்டுவருவதால் மருந்து மாறப்போவதில்லை. இதில் குறையும் உண்டு: நஞ்சின் சேர்க்கை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து தொலைவிலுள்ள மாநிலங்களில் அதே வலிமையோடு வேலை செய்வதில்லை. அதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். அதற்காக இருக்கிற மருந்தைத் தள்ளிப்போடுவதற்கில்லை.

மீதிப் பாதி விடை நோயாளியின் உடலில் இருக்கிறது. மருத்துவர் இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். ஈறில் ரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவையும் அதே பக்கம் கைகாட்டும். இமை சரிந்து, பேச்சு குழறி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் பெரும்பாலும் நாகம் அல்லது கட்டுவிரியன். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. நஞ்சே இறங்காத வெறுங்கடிகளும் கணிசமாக உண்டு. அவற்றால்தான் மந்திரிப்பவர்களுக்கும் பச்சிலை கொடுப்பவர்களுக்கும் பேர் கிடைக்கிறது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று கணித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலானவர்கள் கிராமங்களில், வீட்டிலேயே இறந்தவர்கள். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அவர்களில் எத்தனை பேர் பாம்பைத் தேடியும், கயிற்றால் இறுக்கிக் கட்டியும், கடிவாயைக் கீறியும் இழந்த நேரத்தால் போனவர்களோ. தமிழ்நாடு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி கூடுகிறது என்று கணக்குத் தெரிந்தால் மருந்தை அங்கே முன்கூட்டியே வைக்க முடியும். தாமதமானாலும் சரியான முடிவு.

வீட்டுக்குள் பாம்பு கண்டால் பிள்ளைகளை விலக்கி, தூரத்திலிருந்து பார்வையில் வைத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். கடித்துவிட்டால் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் 108-க்குச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு கிடையாது. மருத்துவரிடம் பூச்சி என்று சொல்லாமல் பாம்பு என்றே சொல்லுங்கள், கடித்த நேரத்தையும் சொல்லுங்கள்.

தரையில் படுத்துறங்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. நேபாளத்துத் தாழ்நிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. இன்று இரவு கொசுவலையின் நான்கு ஓரங்களையும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள்.